என் நோட்டில் இருந்த ஐந்து காரணங்கள்

கொட்டாஞ்சேனையில் என்னைவிட என் வரலாற்று நோட்டுக்குத்தான் மரியாதை அதிகம். நான் படிப்பிக்கும் பெண்கள் பாடசாலைக்குப் பின்னால் ஒரு போட்டோகொப்பிக் கடை இருக்கிறது. அங்கே போய் "டீச்சர்ட நோட்" என்றால் போதும், எந்த டீச்சர் என்று யாரும் கேட்பதில்லை. பத்தொன்பது வருடமாக ஒரே நோட். தலைப்பு, அதன் கீழே காரணங்கள், அதன் கீழே விளைவுகள். ஒரு காரணத்துக்கு ஒரு வரி, ஒரு வரிக்கு இரண்டு புள்ளி. பிள்ளைகள் கட்டைவிரலில் தொடங்கி விரல் மடக்கிப் பாடமாக்குவார்கள். பஸ்சுக்கு நிற்கும்போதும் விரல்கள் மடங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் என் மீதே பற்றிக்கொண்டு வருகிறது.

இரண்டாம் உலகப் போர்ப் பாடத்தில் ஒரு தலைப்பு: ஜேர்மனியில் யூதர்கள் வெறுக்கப்பட்டமைக்கான காரணங்கள். நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதியது இதுதான். ஒன்று, வணிகத்தையும் வட்டித் தொழிலையும் தம் கையில் வைத்திருந்தமை. இரண்டு, வாழ்ந்த நாட்டுக்கு விசுவாசமாக இல்லாமை. மூன்று, பிறருடன் கலக்காமல் தமக்குள் ஒட்டி வாழ்ந்தமை. நான்கு, வைத்தியம், சட்டம் முதலிய தொழில்களில் அளவுக்கு மீறிய இடம் பிடித்தமை. ஐந்து, முதலாம் உலகப் போரில் நாட்டைக் காட்டிக்கொடுத்தமை.

அத்தனையும் கொலை செய்தவர்கள் சொன்ன கதை. மேடையில் நின்று நாஜிகள் கத்தியதை நான் கரும்பலகையில் இலக்கம் போட்டு, அடிக்கோடிட்டு எழுதினேன். என் கையெழுத்து அழகு என்று ஊரெல்லாம் பேர் வேறு. இந்த ஐந்தையும் நான் எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்டால், நான் பதினோராம் வகுப்பில் ஓ.எல் பரீட்சைக்குப் படித்தபோது எனக்கு ரியூசன் தந்தவர் சொன்னதுதான். அவர் எங்கிருந்து எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. காரணம் என்றால் செத்தவனிடம்தான் தேட வேண்டும் என்று யார் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்? யாரும் சொல்லித் தரவில்லை. கேள்வித்தாள் காரணம் கேட்டது, நாங்கள் காரணம் கொடுத்தோம்.

போன வருடம் ஆடி மாதம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். வகுப்பறைச் சுவரில் ஒட்டும் பத்திரிகைக்கு, எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடியில் கொழும்பில் தமிழருக்கு என்ன நடந்தது என்று வீட்டில் விசாரித்து ஆளுக்கொரு தாள் எழுதி வரச் சொன்னேன். பாடத்திட்டத்தில் அது எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

வகுப்பில் ஒருத்தி இருந்தாள். முதல் வாங்கில் சுவரோரம் இருப்பாள். அப்பா ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ்மனாக நிற்கிறவர். வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள், இவள் மூத்தவள். எங்கள் பாடசாலையில் மேல்வகுப்பான ஏ.எல்லுக்கு வரலாறு எடுப்பதென்றால் ஓ.எல்லில் அந்தப் பாடத்துக்கு 'ஏ' வேண்டும். அது கிடைத்தால் மேலே படிக்கலாம், கிடைக்காவிட்டால் பக்கத்துத் துணிக்கடையில் ஒரு இடம் பேசி வைத்திருக்கிறேன் என்று அப்பா சொல்லியிருந்தார். பிள்ளை அதை என்னிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். வரலாற்று டீச்சராக வர வேண்டும் என்பது அவளுடைய ஆசை. சொன்னதைச் சொன்னபடி எழுதுகிற பிள்ளை. ஒரு கால்புள்ளி தவற விடமாட்டாள்.

அவளுடைய தாளைத்தான் முதலில் எடுத்தேன். நல்லதை முதலில் வாசித்துக் காட்டினால் மற்றப் பிள்ளைகளுக்கு உறைக்கும் என்று நினைத்தேன். கொழும்பில் தமிழர்கள் தாக்கப்பட்டமைக்கான காரணங்கள் என்று சிவப்புப் பேனையில் தலைப்பு. கீழே நீலத்தில் இலக்கங்கள். ஒன்று, கொழும்பு வணிகத்தைத் தம் கையில் வைத்திருந்தமை. இரண்டு, நாட்டுக்கு விசுவாசமாக இல்லாமை. மூன்று, வெள்ளவத்தை போன்ற இடங்களில் தமக்குள் ஒட்டி வாழ்ந்தமை. நான்கு, பல்கலைக்கழகத்திலும் உயர்தொழில்களிலும் அளவுக்கு மீறிய இடம் பிடித்தமை. ஐந்தாவதை நான் வாசிக்கவில்லை.

எனக்கு எண்பத்து மூன்றில் பதினொரு வயது. வெள்ளவத்தையில் காலி வீதியில் அப்பாவுக்கு ஒரு கடை இருந்தது. கொப்பி, பேனை, பள்ளிக்கூடச் சப்பாத்து விற்கிற சின்னக் கடை. அதைக் கொளுத்தினார்கள். நாங்கள் இரண்டு கிழமை ஒரு பாடசாலை மண்டபத்தில் மற்றவர்களோடு சேர்ந்து படுத்தோம். கடை எரிந்ததை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது வேறு. அப்பாவின் கடையில் தன் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்குகிற கந்தோரில் வேலை பார்க்கிற ஒரு சிங்கள மனிதர் அந்த மண்டபத்துக்கு வந்தார். நல்ல மனிதர்தான், நாங்கள் சாப்பிட இரண்டு இறாத்தல் பாணும் கொண்டுவந்தார். அதை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்: "பிஸ்னஸ் ஒக்கோம ஒயாலகெ அதேனெ திபுனெ. ஏகனெ மினிஸ்சுன்ட தரஹ கியே." வியாபாரம் முழுக்க உங்கள் கையில்தானே இருந்தது, அதனால்தானே சனத்துக்குக் கோபம் வந்தது. அப்பாவின் கையில் இருந்த வியாபாரம் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதுவும் வாடகைக்கு. அப்பா பாணை வாங்கிக்கொண்டு, "ஔ மாத்தயா" என்று தலையாட்டினார். ஓம் ஐயா. அந்த மனிதர் மேல் வந்ததைவிட அப்பா மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. செத்தாலும் நான் அப்படித் தலையாட்டமாட்டேன் என்று பதினொரு வயதில் நினைத்துக்கொண்டேன்.

அந்த மனிதர் பாணோடு சேர்த்துத் தந்த வசனம் இப்போது என் மாணவியின் கையெழுத்தில், முதலாம் இலக்கமாக இருந்தது.

"ஆர் உனக்கு இதைச் சொல்லித் தந்தது?" என்று கத்தினேன். பக்கத்து வகுப்பு அமைதியானது எனக்குக் கேட்டது. "கொளுத்தினவனை விட்டுட்டு, எரிஞ்சவனிட்டக் குற்றம் தேடுறியா? வெக்கமில்லையா உனக்கு?" வாய்க்கு வந்தபடி இன்னும் என்னென்னவோ சொன்னேன். பிறகு அந்தத் தாளை நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் இரண்டாகக் கிழித்து மேசையில் போட்டேன். பத்தொன்பது வருடத்தில் ஒரு பிள்ளையின் தாளை நான் கிழித்தது அதுதான் முதல் தடவை.

அவள் அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "வீட்ல யாருக்கும் சரியா தெரியல டீச்சர். அதான் நீங்க குடுத்த நோட்டப் பாத்து எழுதுனேன். யூதர் பாடத்துல நீங்க போட்ட மாதிரியே."

யாரோ ஒருத்தி பின்வாங்கில் கொப்பியைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு இன்னும் இரண்டு மூன்று கொப்பிகள். பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நான் மேசையில் கிடந்த இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அங்கே போய் உட்கார்ந்து எனக்கு ரியூசன் தந்தவரைத் திட்டினேன், பரீட்சை வழிகாட்டி நூல் போட்டவனைத் திட்டினேன், வரிக்கு இரண்டு புள்ளி என்று கண்டுபிடித்தவனைத் திட்டினேன். எல்லாரையும் திட்டி முடித்த பிறகு பார்த்தால், அந்த நோட்டில் இருந்தது என் பெயர்தான்.

அடுத்த பாடவேளையில் வகுப்புக்குப் போய், யூதர் தலைப்பில் உள்ள ஐந்தையும் வெட்டச் சொன்னேன். அந்த ஐந்தும் யூதரைப் பற்றியவை அல்ல, அவர்களைக் கொல்ல விரும்பியவர்களைப் பற்றியவை என்றேன். காணி வைத்திருக்கக் கூடாது, இந்தத் தொழில் செய்யக் கூடாது என்று பல நூறு வருடம் தடுத்துவிட்டு, மிஞ்சிய தொழிலைச் செய்தபோது அதைக் குற்றம் என்றார்கள். அந்த முதலாம் போரில் ஜேர்மனிக்காகச் சண்டை பிடித்துப் பதக்கம் வாங்கிய யூதர்களையே துரோகி என்றார்கள். கொல்லப்பட்ட அறுபது இலட்சம் பேரில் பெரும்பாலானவர்கள் தையல்காரர், சப்பாத்துத் தைப்பவர், தலையில் பொதி சுமந்து விற்றவர், பள்ளிக்கூடம் போன குழந்தைகள். கைக்குழந்தை எந்த வணிகத்தைக் கையில் வைத்திருந்தது என்று கேட்டேன். தொண்டை கட்டும் வரை பேசினேன்.

முதல் கேள்வி இப்படி வந்தது: "டீச்சர், அப்ப பத்து மார்க்ஸ்?"

அந்தப் பிள்ளையில் பிழையில்லை. ஆனாலும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

இரண்டாவதாக எழும்பியவள் மாளிகாவத்தைத் தொடர்மாடியிலிருந்து வருகிறவள், முஸ்லிம் பிள்ளை, துடுக்கான வாய். "டீச்சர், இப்ப அவங்க காஸால செய்றத போன்ல பாக்கிறோம்தானே. அதப் பாத்தா அந்த அஞ்சும் சரி போலத்தான் இருக்கு" என்றாள். வகுப்பில் பாதி தலையாட்டியது. நானும் அந்தக் குழந்தைகளின் படங்களைப் பார்க்கிறவள்தான், பார்த்துவிட்டுச் சாப்பாட்டை மூடி வைக்கிறவள்தான். அங்கே குண்டு போடுகிற அரசாங்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, நானும் சேர்ந்து திட்டுகிறேன் என்றேன். ஆனால் அதற்காக எண்பது வருடத்துக்கு முன்னால் போலந்தில் செத்த ஒரு பிள்ளை குற்றவாளி ஆகுமா? இன்றைக்கு உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் கடை வைத்திருக்கிற யூதன் ஆகுவானா? அவள் அசையவில்லை. அப்போதுதான் நான் அதைச் செய்தேன்.

"ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு உங்கட வாப்பாட கடைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன். அவளுடைய வாப்பா தெமட்டகொடையில் சின்னதாக ஒரு பாத்திரக் கடை வைத்திருப்பது எனக்குத் தெரியும்.

அவளுடைய முகம் மாறியது. "ஒருத்தரும் வரல்ல டீச்சர். எங்கட ஆக்கள்ட கடையில வாங்க வேணாமெண்டு நோட்டீஸ் குடுத்தாங்க. நான் அப்ப சின்னப் பிள்ளை."

"குண்டு வைச்சது ஆர், உங்கட வாப்பாவா?"

"இல்ல."

"நோட்டீஸில என்ன காரணம் போட்டிருந்தது?"

அவள் உட்கார்ந்தாள். வகுப்புக்கு விளங்கியது. ஆனால் ஒரு பிள்ளையின் வீட்டுக் காயத்தைக் கிளறி நான் பாடம் நடத்தினேன் என்பதும் உண்மை, அதற்காகவும் என் மீது எனக்கு வெறுப்பு உண்டு. அதன் பிறகு அவள் என் வகுப்பில் கை உயர்த்தவே இல்லை.

எங்கள் பக்கத்தில் நாலைந்து பாடசாலைகள் சேர்ந்து ஓ.எல்லுக்கு முன்னால் ஒரு மாதிரிப் பரீட்சை வைப்பது வழக்கம். விடைத்தாள்களைப் பாடசாலைகளுக்கிடையே மாற்றிக்கொண்டு திருத்துவோம். அந்த முறை வரலாற்று வினாத்தாளையும் புள்ளித்திட்டத்தையும் தயாரித்தது நான்தான். ஆனி மாதமே எழுதிக் கொடுத்துவிட்டேன். பத்துப் புள்ளிக் கேள்வி ஒன்றில் அந்தத் தலைப்பு இருந்தது. புள்ளித்திட்டத்தில் அந்த ஐந்தும் இருந்தன. ஓடிப் போய் அதிபரிடம் சொன்னேன். அந்த அம்மா நல்ல நிர்வாகி, எதற்கும் குரலை உயர்த்தமாட்டார்.

"அச்சடிச்சு எல்லா ஸ்கூலுக்கும் அனுப்பியாச்சு டீச்சர். நீங்க தந்ததுதானே?"

"பிழை, மெடம். நான் தந்தது பிழை."

"பத்தொன்பது வருஷமா பிழையில்லாதது இப்ப என்னெண்டு பிழையாகும்? ரெண்டு பேரன்ட்ஸ் கோல் பண்ணிட்டினம், எக்ஸாம் நேரத்தில நோட்டை வெட்டச் சொல்றீங்களாம். பிள்ளைகளைக் குழப்பாதேங்கோ. பெரிய எக்ஸாம் முடிய நாங்கள் ஆறுதலாக் கதைப்பம்."

ஆறுதலாக. அந்தச் சொல்லுக்கு எனக்கு வந்த கோபத்தில் கதவைச் சாத்திய சத்தம் கீழ்மாடி வரை கேட்டிருக்கும். மற்றப் பாடசாலைகளின் டீச்சர்மாருக்கு நானே ஒவ்வொருவராகக் கோல் எடுத்தேன். ஒருவர், எழுதித் தாருங்கள் பார்க்கிறேன் என்றார். இன்னொருவர் சிரித்தார். மற்ற இருவரும், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவுகோல்தானே, விடுங்கோ என்றார்கள். போட்டோகொப்பிக் கடைக்குப் போய் என் நோட்டின் மூலப் பிரதியைக் கேட்டு வாங்கிக் கிழித்தேன். கடைக்காரர் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கொம்ப்யூட்டரில் ஸ்கேன் இருக்கிறது டீச்சர், பயப்படாதீர்கள் என்றார்.

மாதிரிப் பரீட்சை நடந்து மூன்று கிழமை கழித்துத் திருத்திய விடைத்தாள்கள் வந்தன. பரீட்சைக்கு முந்தைய நாள் வரை நான் அந்த ஐந்தையும் வெட்டச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக அந்தக் கேள்விக்குத் திருப்பினேன். வகுப்பில் முப்பத்தொன்பது பிள்ளைகள் அந்த ஐந்தையும் வரிசை மாறாமல் எழுதியிருந்தார்கள். பத்துக்குப் பத்து. மாளிகாவத்தைப் பிள்ளைக்கும் பத்துக்குப் பத்து. நாற்பதாவது அவள். யார் முகத்துக்கு முன்னால் தாளைக் கிழித்தேனோ, அவள் ஒருத்திதான் என்னை நம்பியிருந்தாள்.

அவள் எழுதியது ஒன்றரைப் பக்கம். காரணம் யூதரிடம் இருக்கவில்லை, அவர்களை வெறுக்கச் சொல்லிப் பழக்கியவர்களிடம் இருந்தது என்று தொடங்கியிருந்தாள். பள்ளிக்கூடப் புத்தகத்திலும் அந்த வெறுப்பை எழுதி வைத்தார்கள், படித்தவர்களும் கேள்வி கேட்காமல் அதைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஒரு வரி. அதை வாசித்தபோது எனக்குக் காது சுட்டது. கடைசியில் இப்படி இருந்தது: முதலில் அவர்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். தோட்டத்தில் இருந்த என் தாத்தாவின் அப்பாவிடமிருந்தும் நாற்பத்தெட்டில் இங்கே சட்டம் போட்டுக் குடியுரிமையைப் பறித்தார்கள். அவரும் ஒரு குற்றமும் செய்யவில்லை.

அந்தக் கடைசி வரிகளின் கீழே சிவப்பில் ஒரு கோடு. ஓரத்தில், விடயத்துக்குப் புறம்பானது. பக்கத்தின் அடியில், காரணங்கள் தரப்படவில்லை. பத்துக்குப் பூச்சியம். திருத்தியவர் ஒரு பிழையும் செய்யவில்லை. என் புள்ளித்திட்டத்தை அப்படியே பின்பற்றியிருந்தார். அந்தப் பத்துப் புள்ளி இருந்திருந்தால் எழுபத்தேழு, 'ஏ'. இல்லாததால் அறுபத்தேழு.

அவளை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டேன். தாளைப் பார்த்தாள். "பரவால்ல டீச்சர்" என்றாள். அந்தப் பரவாயில்லை எனக்குப் பொறுக்கவில்லை. பரவாயில்லை என்று சொல்லாதே என்று சீறினேன். பிறகுதான் அவள் கேட்க வந்ததைக் கேட்டாள்.

"பெரிய எக்ஸாமுக்கு இன்னும் ஒரு மாசந்தான் இருக்கு. அப்பா மார்க்ஸ கேட்டுட்டு ஒன்னும் பேசல. அதுலயும் இந்தக் கேள்வி வந்தா எத எழுதுறது டீச்சர்?"

பெரிய பரீட்சையில் யார் திருத்துவார்கள், எப்படித் திருத்துவார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னைப்போல் ஒரு டீச்சராக இருக்கலாம், என்னைப்போல் ஒரு நோட்டில் படித்தவராக இருக்கலாம். அந்தத் துணிக்கடை வாசலில் இவள் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டு நிற்பது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. நான் பயந்துவிட்டேன். கோபக்காரி என்று பேர் எடுத்த நான், அடித்தொண்டையில், பக்கத்து மேசைக்குக் கேட்காதபடி சொன்னேன்: "அஞ்சையும் எழுது. உன்ர கருத்தைப் பிறகு பாப்பம்."

அவள் விடைத்தாளை மடித்தாள். தலை குனியவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப அன்னைக்கு என் பேப்பர ஏன் டீச்சர் கிழிச்சீங்க?"

கேட்டுவிட்டு, பதில் வாங்காமல் போவதில்லை என்பதுபோல அங்கேயே நின்றாள்.